செறிந்த குறு மண்டலங்கள்: தோற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வானியலின் வரலாறு, புதிய பொருள்களைக் கண்டறிந்த வரலாறு மட்டுமன்று. முன்பே புலப்பட்டிருந்தவற்றின் உண்மை இயல்பைக் காலந்தாழ்த்தி உணர்ந்த வரலாறுமாகும். விண்மீன் மண்டலங்கள் நூற்றுக்கணக்கிற் கூடியுள்ள கொத்துகளிலே காணப்படும் செறிந்த குறு மண்டலங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

தென்வானில், ஏறத்தாழ 6 கோடி ஒளியாண்டுத் தொலைவில் போர்னாக்ஸ் கொத்து அமைந்துள்ளது. அதன் புகைப்படங்களில் இக்குறு மண்டலங்கள் வெறும் ஒளிப்புள்ளிகளாகவே தோன்றின. மங்கலாகப் பரந்து தெரிபவையே மண்டலங்கள் என்று கொள்ளப்பட்டமையால், இவை நமது பால்வீதியைச் சேர்ந்த விண்மீன்கள் எனக் கருதப்பட்டன. 1999இல் மைக்கேல் ஹில்கர் குழுவினரும், 2000இல் மைக்கேல் டிரிங்க்வோட்டர் குழுவினரும் இம்மயக்கத்தை நீக்கினர். பின்னவர்கள் அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கிலுள்ள 3.9 மீற்றர் தொலைகாட்டியில், ஒரே வேளையில் 400 பொருள்களின் நிறமாலையைப் பதியவல்ல கருவியைப் பயன்படுத்தினர். தோற்றத்தைக் கொண்டு எதனையும் முன்கூட்டியே விலக்காது, குறித்த ஒளியளவு எல்லைக்குட்பட்ட அனைத்தையும் அளந்தனர். ஐந்து 'விண்மீன்கள்' அக்கொத்துக்கே உரியவை என்பது அவற்றின் வேகத்தினால் தெளிவாயிற்று. சாதாரண குறு மண்டலங்கள் பல்லாயிரம் ஒளியாண்டு பரந்திருக்க, இவையோ சில நூறு ஒளியாண்டு அளவினவே.

இவை எவ்வாறு தோன்றின என்ற வினாவுக்கு இருவேறு விடைகள் கூறப்பட்டன. 2001இல் கெஞ்சி பெக்கியும் அவர்தம் கூட்டாளரும், உட்கரு கொண்ட குறு மண்டலமொன்று கொத்தின் நடுவிலுள்ள பெருமண்டலத்தை அணுகிச் செல்லுந்தோறும் ஈர்ப்புவிசையாற் புறப்பகுதியை இழக்க, உட்கரு மட்டும் எஞ்சும் எனக் கணினிவழி காட்டினர். கதிரைச் சூடடித்து மணியைப் பிரித்தலைக் குறிக்கும் சொல்லையே இதற்குப் பெயராக இட்டமை குறிப்பிடத்தக்கது. அந்திரொமீடாவின் அயலிலுள்ள எம்32 குறித்து இத்தகைய கருத்தைச் சான்ட்ரா பேபர் 1973இலேயே முன்வைத்திருந்தார். மறுபுறம், பெல்ஹவரும் குரூப்பாவும் 2002இல், மண்டலங்கள் மோதும்போது பிறக்கும் விண்மீன் கொத்துகள் ஒன்றிணைந்தே இவை உருவாகலாம் என்றனர். இவை பெரிய கோளவடிவ விண்மீன் கொத்துகளே என்று கொண்டோருமுளர். முதற்கூற்றின்படி இவை சிதைவின் எச்சங்கள். ஏனையவற்றின்படி சிறியனவாகவே பிறந்தவை.

இவ்வாதத்துக்கு வலுவான சான்று 2014இற் கிடைத்தது. கன்னிக் கொத்திலுள்ள எம்60-யூசிடி1 என்பதனுள், சூரியனைப்போல் 2.1 கோடி மடங்கு திணிவுடைய கருந்துளை உண்டென அனில் சேத் குழுவினர் கண்டனர். அஃது அதன் மொத்தத் திணிவில் ஏறத்தாழ 15 வீதமாகும். இத்துணைப் பெரிய கருந்துளை, முன்பு அதனைச் சூழ்ந்திருந்த பெரியதொரு மண்டலத்தையே சுட்டுகின்றது. 2023இல் அதே கொத்தில், புறப்பகுதியை இழந்துகொண்டிருக்கும் இடைநிலையினவாக நூற்றுக்கு மேற்பட்டவை இனங்காணப்பட்டன.

எனினும், இவை யாவும் எச்சங்களே என முடிவுகட்டல் பொருந்தாது. திணிவு குறைந்தவற்றுட் பல, எண்ணிக்கையிலும் இயல்பிலும் கோளவடிவக் கொத்துகளின் தொடர்ச்சியாகவே காணப்படுகின்றன. எனவே 'செறிந்த குறு மண்டலம்' என்பது உருவத்தைக் குறிக்கும் பெயரேயன்றி, பிறப்பைக் குறிக்கும் பெயரன்று. புறத்தோற்றம் ஒத்திருத்தலாலேயே அவற்றின் வரலாறும் ஒன்றெனக் கொள்வது தவறு. ஒவ்வொன்றன் கடந்தகாலமும் அதனதன் அகச்சான்று கொண்டே துணியப்படல் வேண்டும்.