நோர்வே, துருக்மெனிஸ்தான் மெத்தேன் கசிவு ஒப்பீடு

நோர்வே, துருக்மெனிஸ்தான் ஆகிய இரண்டும் இயற்கை எரிவாயுவை ஏற்றுமதி செய்யும் நாடுகள் ஆகும். உற்பத்தி அளவோடு ஒப்பிடும்போது மெத்தேன் கசிவு மிகக் குறைந்த நாடுகளுள் நோர்வேயும், மிக மிகுந்த நாடுகளுள் துருக்மெனிஸ்தானும் அடங்கும். பன்னாட்டு எரிசக்தி முகமையின் மதிப்பீட்டின்படி, இவ்விரு முனைகளுக்கும் இடையிலான வேறுபாடு நூறு மடங்குக்கும் மேலானது. மெத்தேன் இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பமூட்டுவதால் இது சிறிய வேறுபாடன்று.

நோர்வே 1970களிலேயே எரிவாயுவை வீணாக எரிப்பதைக் கட்டுப்படுத்தியது. 1991இல் கரிம வரியும் விதித்தது. துருக்மெனிஸ்தானில் சோவியத் காலக் கருவிகள் பல நீடித்தன. எரிசுடர் அணைந்துவிட்டால் மெத்தேன் எரியாமல் அப்படியே வெளியேறும்; நிறமற்றதாதலால் கண்ணுக்குத் தெரியாது. மேற்குத் துருக்மெனிஸ்தானின் கொர்பெஜே வயலில் நிகழ்ந்த பெருங்கசிவை 2019இல் வெளியுலகுக்குக் காட்டியவை செயற்கைக்கோள்களே. 2023 டிசம்பரில் அந்நாடு உலக மெத்தேன் உறுதிமொழியில் இணைந்தது.