இரண்டு சொல்லால் போன கோட்டைகள்



கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் புளியந்தீவுக்குப் போனால் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டினர், ஒல்லாந்தர் பிடித்தனர். பரீட்சைக்கு இது போதும். ஆனால் இன்னொரு கதை இருக்கிறது.

போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களை 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியவர் கண்டி மன்னர் செனரத். அவருடைய மகன் இரண்டாம் இராஜசிங்கன், போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரைக் கூப்பிட்டார். 1638 மே 18இல் கோட்டை விழுந்தது. மே 23இல் இங்கேயே, மட்டக்களப்பில், ஒப்பந்தம் எழுதினார்கள்.

அதன் மூன்றாம் சரத்தைக் கவனியுங்கள். பிடிக்கிற கோட்டைகளில் ஒல்லாந்தர் படை இருக்கலாம், மன்னர் விரும்பினால். மன்னரிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் அந்தக் கடைசி இரண்டு சொல்லும் இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை!

1640இல் காலியைப் பிடித்தார்கள், கொடுக்கவில்லை. 1656இல் கொழும்பைப் பிடித்தார்கள், மன்னரை உள்ளே விடவேயில்லை. "இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கினோம்" என்ற சிங்களப் பழமொழி இதிலிருந்துதான் வந்தது என்பார்கள்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், ராஜா மற்றப் பிரதியை வாசிச்சுப் பார்க்கல்லையா?"

மன்னருக்கு வந்த வினை நமக்கும் வரும். காணி உறுதியோ கடன் பத்திரமோ, விளங்காத மொழியில் நீட்டினால் கையெழுத்து வைக்க முதல் விளங்கிய ஒருவரிடம் காட்டுங்கள். இரண்டு பிரதியையும் காட்டுங்கள்.