புதிய ஆசிரியர்களின் குறிப்பேடுகள்

ஆசிரியத் தொழிலை மேற்கொள்வோர்க்குக் கற்பித்தல் ஒரு கடமை. தாம் கற்பித்ததை எழுதிவைத்துச் சீர்தூக்கிப் பார்த்தல் மற்றொரு கடமை. முன்னதை உலகம் உடனே காண்கிறது. பின்னதன் பயனோ நெடுங்காலம் கழிந்த பின்னரே புலனாகிறது. நம் நாட்டில் மேனாட்டு மருத்துவக் கல்வி வேரூன்றிய வரலாற்றை நோக்குவோமாயின் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா நகரில் 1835-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட அரசாங்க ஆணையால் ஒரு மருத்துவக் கல்லூரி தோன்றியது. ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 2-ஆம் நாள், நம் சென்னையிலும் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. இரண்டும் உடன்பிறந்தவை போன்றன. எனினும், முதல் ஆசிரியர்கள் விட்டுச்சென்ற குறிப்புகளின் வாயிலாக அவர்களுடைய உழைப்பை நெருங்கிக் காண்பதற்குக் கல்கத்தாவின் வரலாறு சிறந்த சான்றாகும். அதனையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

கல்லூரி வெறுமனே பிறந்துவிடவில்லை. 1822 முதல் கல்கத்தாவில் இந்திய மருத்துவ உதவியாளர்களைப் பயிற்றுவதற்கு ஒரு பள்ளி இருந்தது. அதன் தலைவராக இருந்த பீட்டர் பிரெட்டன், உடலுறுப்புகளின் பெயர்களையும் மருத்துவச் சொற்களையும் ஆங்கிலம், அரபு, பாரசீகம், ஹிந்தி, சமஸ்கிருதம் ஆகிய ஐந்து மொழிகளில் தொகுத்து 1825-இல் ஓர் அகராதி வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஜான் டைட்லர், மாணவர்க்கு அவரவர் அறிந்த மொழியிலேயே மருத்துவத்தைப் புகட்ட வேண்டும் என்று வாதிட்டார். பாதிரியார் அலெக்ஸாண்டர் டஃப் முதலியோர் ஆங்கிலமே தக்கது என்றனர். 1833-இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் நியமித்த குழு இரு தரப்பையும் கேட்டு, ஆங்கிலத்தின் பக்கமே சாய்ந்தது. பழைய பள்ளி மூடப்பட்டது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம் போன்றோர்க்கு, பிரெட்டனின் ஐந்து மொழி அகராதியை நினைக்குந்தோறும் அந்த உழைப்பு இடைவழியில் நின்றுவிட்டதே என்ற ஏக்கம் எழுவது இயல்பே.

புதிய கல்லூரியின் தலைமையை ஏற்றவர் பிராம்லி என்னும் இளைஞர். அவருக்குத் துணையாக உடற்கூற்றியல் கற்பிக்க குடீவ் வந்தார். இரசாயனமும் மருந்தியலும் கற்பிக்க ஓஷாக்னஸி வந்தார். இவர்கள் சேர்ந்த கல்லூரியில் கட்டடம் முதல் பாடத்திட்டம் வரை யாவும் புதிதாக அமைக்கவேண்டியவையாக இருந்தன. பிணத்தைத் தொடுவதே தீட்டு என்று கருதிய குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்க்கு உடற்கூற்றினை எவ்வாறு கற்பிப்பது? பிராம்லி அவசரப்படவில்லை. முதலில் மாதிரி உருவங்கள், அடுத்து விலங்குகளின் உறுப்புகள், இறுதியில் மனித உடல் என்று படிப்படியாக மாணவரைப் பழக்கினார். அதனினும் போற்றத்தக்கது, தம் பணியை அவர் அறிக்கையாக எழுதிவைத்ததாகும். 1836-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் நான்கு மாணவர்கள் தாமே விரும்பி முன்வந்து, பேராசிரியர்களும் உடன்பயில்வோர் பதினால்வரும் காண, மனித உடலைக் கையால் அறுத்து விளக்கினர் என்பதை அக்கால அறிக்கையால் அறிகிறோம்.

ஆனால் கல்லூரி மரபு வேறொரு நாளைக் கூறுகிறது. 1836 ஜனவரி 10-ஆம் நாள் பண்டிதர் மதுசூதன் குப்தாவே முதன்முதல் கத்தி எடுத்தவர் என்பது அம்மரபு. அன்று கோட்டையில் பீரங்கிகள் முழங்கின என்று ஒரு செவிவழிக் கதையும் உண்டு. 1848-இல் இந்தியாவுக்கு வந்த பெத்யூன் துரை, மதுசூதனின் உருவப்படத்தைக் கல்லூரிக்கு அளித்தபோது நிகழ்த்திய உரையில், பண்டிதர் குடீவைப் பின்தொடர்ந்து பிணம் கிடந்த அறைக்குள் சென்றதையும், மாணவர்கள் உள்ளே நுழையத் துணியாது வாயிலில் நெருங்கி நின்று பார்த்ததையும் வருணித்தார். ஜனவரியில் நிகழ்ந்தது ஆசிரியரின் செயல், அக்டோபரில் நிகழ்ந்தது மாணவரின் செயல் என்று இரண்டையும் பொருத்திக் கொள்வாரும் உளர்.

இங்கே நாம் சிறிது நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிராம்லியின் எழுத்தும் பெத்யூனின் பேச்சும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. கத்தியைக் கையில் எடுத்தவரின் உள்ளத்தில் அக்கணம் என்ன ஓடிற்று என்பதோ பிறர் வாய்மொழியாலேயே அறியவேண்டியதாயிற்று. மதுசூதன் எழுத்தறியாதவர் அல்லர். வைத்திய குலத்தில் தோன்றி, சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்று, 1830-இல் அங்கேயே ஆசிரியரானவர். ஹூப்பர் எழுதிய உடற்கூற்று நூலைச் சமஸ்கிருதத்தில் பெயர்த்தவர். 1835-இல் புதிய கல்லூரிக்கு வந்தபின், தம் மாணவர்கள் எழுதிய தேர்வையே தாமும் எழுதி 1840-இல் தேறினார். ஆசிரியராக இருந்துகொண்டே மாணவராக அமர அவர் நாணவில்லை. இத்தகையவர் தம் பணியைப் பற்றிய நாட்குறிப்பு ஒன்று விட்டுச்சென்றிருப்பின், எந்த நாள் என்ற வழக்கும் எழுந்திராது. பீரங்கிக் கதையும் வளர்ந்திராது.

ஓஷாக்னஸியின் வழி வேறு. அவர் மாணவர்க்கென 1837-இல் இரசாயனப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். 1839-இல் கஞ்சாவின் மருந்துக் குணங்களைப் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். பழைய நூல்கள் அச்செடியைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதை அறிய சமஸ்கிருதப் பண்டிதர்களையும் பாரசீகம் அறிந்த ஹகீம்களையும் நாடினார். அவர்களுள் நம் மதுசூதனும் ஒருவர். பிறகு விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அதன்பின்னரே நோயாளிகளுக்குக் கொடுத்தார். தனுர்வாதம் கண்டோர் சிலர் பிழைத்ததை எழுதிய அதே பேனாவால், வெறிநாய்க் கடிக்கு ஆளான ஒருவர் இறந்ததையும் எழுதினார். நோய் தீரவில்லை, வேதனை மட்டும் தணிந்தது என்று உள்ளதை உள்ளவாறு பதிந்தார். வெற்றியை மாத்திரம் எழுதியிருந்தால் அது விளம்பரமாகியிருக்கும். சாவையும் சேர்த்து எழுதியதனால்தான் அது ஆய்வாயிற்று.

பிராம்லி 1837 ஜனவரியில் காலமானார். இரண்டாண்டுகூட நிறையாத ஆசிரியப் பணி அவருடையது. ஆயினும் கல்லூரி தளரவில்லை. சவ அறுவைக்கு 1837-இல் அறுபது உடல்களும், மறு ஆண்டில் நூற்றிருபதும், 1844-இல் ஐந்நூறுக்கு மேலும் பயன்பட்டன என்ற கணக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஓர் அச்சம் ஒரு நாளில் ஒழியவில்லை, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகவே கரைந்தது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. உமாசரண் சேட், துவாரகநாத் குப்தா, ராஜகிருஷ்ண டே, நவீன் சந்திர மித்ரா முதலியோர் 1838-இல் தேறிப் பட்டம் பெற்றனர். 1845-இல் குடீவுடன் மாணவர் நால்வர் இலண்டனுக்குக் கப்பலேறினர். அவர்களுள் ஒருவரான சூரியகுமார் சக்கரவர்த்தி திரும்பிவந்து அதே கல்லூரியில் ஆசிரியரானார்; 1870-இல் தம் சொற்பொழிவுகளை நூலாகவும் வெளியிட்டார். ஆசிரியர் தம் பணியை எழுதிவைக்கும் மரபு இவ்வாறு இந்தியர் கைக்கும் வந்து சேர்ந்தது.

மொழியின் கதையும் அத்துடன் முடியவில்லை. 1839-இல் அக்கல்லூரியிலேயே இந்துஸ்தானி வகுப்பு தொடங்கிற்று. 1852-இல் வங்காளி வகுப்பும் ஏற்பட்டது. வாயிலில் தடுக்கப்பட்ட தாய்மொழிகள் பக்கக் கதவால் உள்ளே வந்தன. அவ்விரு வகுப்புகளையும் மேற்பார்வை செய்தவர் மதுசூதன் குப்தாவே. 1856-இல் அவர் மறைந்தார்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்முள் மருத்துவக் கல்லூரிகளில் புதிதாக ஆசிரியப் பணி ஏற்போர் பலர் உளர். அவர்களின் பிள்ளைகளும் நாளை அப்பணிக்கு வருவர். முதலாண்டுப் பணியின் அலைச்சலில் குறிப்பெழுத நேரமேது என்று தோன்றலாம். எந்தப் பாடத்தை மாணவர் உணர்ந்தனர், எதனை உணராது தலையசைத்தனர், எந்த நோயாளியிடம் சிகிச்சை பலிக்கவில்லை என்பனவற்றை நாளுக்கு நான்கு வரியேனும் எழுதிவைப்பின் அதுவே போதும். மறு ஆண்டு கற்பித்தல் அதனாலேயே செம்மையுறும். அக்குறிப்பைத் தமிழிலும் எழுதலாம். பிறர் நம்மைப் பற்றி எழுதும் வரை காத்திருப்பவர்க்கு வரலாற்றில் ஓர் உருவப்படமே கிடைக்கும். தாமே எழுதுவோர்க்குத் தம் குரலும் நிலைக்கும்.