கட்டியத்தில் நிற்கும் நல்லூர்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தனின் மகோற்சவத்தில் கட்டியம் (கோயிலை எழுப்பியோரின் பெயரைப் போற்றிச் சொல்லும் வாழ்த்து) கூறப்படும்போது இரண்டு பெயர்களைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒன்று புவனேகபாகு, மற்றது இரகுநாத மாப்பாண முதலியார். முன்னவர் கோட்டை இராச்சியத்தோடு தொடர்புடையவர், பின்னவர் ஒல்லாந்தர் கச்சேரியில் சிறாப்பராய், அதாவது காசாளராய், இருந்தவர். 1621இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துத் தள்ளினார்கள். 1734இல் குருக்கள் வளவில் மாப்பாண முதலியார் மறுபடி எழுப்பியதே இன்றைய ஆலயம். ஏடுகள் அழிந்தாலும் கட்டியக்காரரின் குரலில் கோயிலின் பழைய கணக்கு ஆண்டுதோறும் வாசிக்கப்படுகிறது.

மூலஸ்தானத்தில் இருப்பது வேல். ஆகமப்படி விக்கிரகம் இருக்கவேண்டும் என்று ஆறுமுக நாவலர் வாதாடினார். இதே நல்லூரில் பிறந்தவர், இந்தக் கோயிலோடு பொருதவும் தயங்கவில்லை. வேல் அங்கேயே இருக்கிறது. நாவலருக்கும் கோயிலுக்கு அருகே மணிமண்டபம் இருக்கிறது. வழக்கில் யார் வென்றார் என்று கேட்பவர்களுக்கு ஊர் கொடுத்த பதில் இதுதான் போலும்.

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேற்றம். கொடிச்சீலை கல்வியங்காட்டுச் செங்குந்த மரபினர் கொண்டுவருவது. முதல் நாளே சிறு தேரில் அது ஊர்வலமாக வந்து சேரும். காலை பத்து மணிக்குக் கொடி ஏறும். பத்து என்றால் பத்துத்தான். யார் வந்தார், யார் வரவில்லை என்று பூசை காத்திருப்பதில்லை. நேரம் தவறாமையை நல்லூரில் வைத்துத்தான் கற்கவேண்டும் என்று யாழ்ப்பாணத்தார் பெருமைப்படுவது வெறும் பேச்சல்ல. ஆண்கள் எவராயினும் மேற்சட்டை களைந்தே உள்ளே போகவேண்டும். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். இலங்கையில் ஒரு ரூபாய்க்கு இன்று ஒரு மிட்டாயும் கிடையாது. சீட்டு விலை மட்டும் அசையவில்லை.

திருவிழாக் காலத்தில் சுற்றுவீதிகளில் வாகனப் போக்குவரத்தை நிறுத்தி மணல் பரப்புவார்கள். விடியற்காலையில் வந்தால் அந்த மணலின் அருமை தெரியும். ஈர வேட்டியோடு ஆண்கள் அங்கப் பிரதட்சணம் செய்து உருண்டு வருவார்கள். பின்னால் பெண்கள் அடி அழிப்பார்கள்: நெற்றி நிலத்தில் படும்படி விழுந்து கும்பிட்டு, எழுந்து இரண்டடி நடந்து, மறுபடி விழுவார்கள். தாய் அடி அழிக்க, கூடவே ஒரு சிறுமி தண்ணீர்ப் போத்தலோடு நடந்து போவாள். உருளுபவர் நெற்றியில் ஒட்டிய மணலை யாரோ துடைத்து விடுவார், உறவுக்காரராய் இருக்கவேண்டியதில்லை.

இருபத்துநான்காம் நாள் தேர். தேர் இருப்புக்கு வந்தபின் ஆறுமுகசுவாமிக்குப் பச்சை சாத்துவார்கள். பச்சைப் பட்டும் பச்சை மாலையுமாய் இறங்கிவரும் அந்தக் கோலத்தைக் காணத்தான் பாதிக் கூட்டம் வெயிலில் நிற்கிறது. தேரடியைச் சித்தர் யோகசுவாமிகளும் அவர் குரு செல்லப்பா சுவாமிகளும் திரிந்த இடம் என்பதற்காகவே தொட்டுக் கும்பிடுபவர்கள் உண்டு. மறுநாள் தீர்த்தம், பிறகு பூங்காவனம், கடைசியாக வைரவர் உற்சவம்.

அதற்குள் கச்சான் கடைக்காரர்கள் சாமான் கட்டத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் வைரவர் பூசை முடியும்வரை மச்சம் காய்ச்சாத வீடுகள் நல்லூரைச் சுற்றி இன்னமும் உண்டு.