தேசவழமையும் பெண்டிர் உடைமையும்

யாழ்ப்பாணத் தமிழர்தம் சொத்துரிமை வழக்குகளைக் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி 1706-இல் திரட்டினார். 1707-இல் தமிழ் முதலியார் பன்னிருவர் அதனை ஆராய்ந்து உடன்பட்டனர். அதுவே தேசவழமை. 1806-இல் ஆங்கில அரசினரும் அதனைச் சட்டமாக ஏற்றனர்.

முன்னோர்வழி வருவது முதுசம். மகள் மணத்தின்போது பெறுவது சீதனம். கணவனும் மனைவியும் மணவாழ்விற் சேர்ப்பது தேடியதேட்டம் எனக் குடும்பப்பொருள் மூவகைப்படும்.

சீதனம் பெண்ணுக்கே உரியது. ஆயினும், மணமான பெண் தன் நிலத்தை விற்கவோ கொடுக்கவோ கணவனது எழுத்துமூல இசைவு வேண்டும் என 1911-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. அவன் தகாவாறு மறுப்பின் மாவட்ட நீதிமன்று இசைவளிக்கலாம். மரணசாதனம் எழுதுதற்கோ இசைவே வேண்டா. இறந்தபின் செல்லும் அவள் சொல், உயிரோடிருக்கையில் தனித்துச் செல்லாமை என்னே! உடைமை பெயரில் இருத்தல் வேறு, அதனை ஆளுதல் வேறு என்பதை அறிஞர் ஓர்வாராக.