பேராதனைக்குப் பெயர்ந்த ஆண்டு

1952ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 6ஆந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைப் பீடமும் கீழைத்தேயக் கல்விப் பீடமும் கொழும்பு நகரை விட்டுப் பேராதனையிற் குடிபுகுந்தன. சட்டத்துறையும் விவசாயத்துறையும் 1949ஆம் ஆண்டிலேயே முன்தூதர் போல அங்கு சென்றிருந்தன. ஆயினும், பல்கலைக்கழகம் மலைநாட்டிற்கு வந்துவிட்டது என்று நாடு உணர்ந்தது 1952இலேதான். கட்டட வேலைகள் முற்றுப்பெறவில்லை. அரைகுறையாய் நின்ற சுவர்களுக்கிடையே விரிவுரைகள் தொடங்கின. நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் முளைத்த ஓர் எண்ணம் அன்று மனையேறியது எனலாம்.

அந்த எண்ணம் 1906இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தினுடையது. சேர் பொன்னம்பலம் அருணாசலம், சேர் ஜேம்ஸ் பீரிஸ் முதலிய பெருமக்கள் அதன் முன்னணியில் நின்றனர். அக்காலத்தில் உயர்கல்வி விரும்பிய இலங்கை இளைஞன் கடல் கடந்து செல்லவேண்டும். அன்றேல் இலண்டன் பரீட்சைக்குத் தனித்திருந்து படிக்கவேண்டும். சங்கத்தார் கேட்டது முழுப் பல்கலைக்கழகம். 1921இல் அவர்களுக்குக் கிடைத்ததோ கொழும்பில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி. பாடத்திட்டம் வகுப்பதும் பட்டம் அளிப்பதும் இலண்டனின் அதிகாரமாகவே இருந்தன. அதிபர் ரொபேட் மார்ஸ் அவர்களின் கீழ் அக்கல்லூரி நன்கு நடந்தது என்பதில் ஐயமில்லை. எனினும், பிறர் வினாத்தாளுக்கு விடை எழுதும் கல்வி இந்நாட்டு மொழிகளையும் வரலாற்றையும் ஓரத்திலேயே நிறுத்தியது.

முழுப் பல்கலைக்கழகம் வேண்டும் என்பதில் எல்லோரும் உடன்பட்டனர். அது எங்கே அமையவேண்டும் என்பதில் ஒருவரும் உடன்படவில்லை. 'இடப்போர்' என்று பின்னாளில் பெயர்பெற்ற அவ்வழக்கு இலங்கைக் கல்வி வரலாற்றின் விசித்திரமான அத்தியாயம். கொழும்பிலேயே அமையட்டும் என்றனர் ஒரு சாரார். நகரத்தின் இரைச்சலும் உத்தியோக மோகமும் எட்டாத கண்டிப் பிரதேசமே தக்கது என்றனர் மறு சாரார். பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்த்தன இவர்களுக்குப் பெருந்துணையாய் நின்றார். 1927இல் சட்டநிரூபண சபை கண்டியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆயினும், கண்டியில் எந்த மூலை என்ற வினா உடனே எழுந்தது. தும்பறைப் பள்ளத்தாக்கு முதலில் தெரியப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் குறுக்கிட்டது. ஈற்றில் 1938இல் பேராதனை என்று முடிவாயிற்று. இடம் பற்றிய பேச்சிலேயே ஒரு தலைமுறை மாணாக்கர் கற்று வெளியேறிவிட்டனர்.

1941இல் கல்லூரியின் அதிபராக வந்தவர் ஐவர் ஜெனிங்ஸ். அரசியலமைப்புச் சட்டத்தில் உலகப் புகழ் வாய்ந்த அறிஞர், பின்னாளில் டி. எஸ். சேனநாயக்காவுக்கு அரசியலமைப்பு ஆலோசகராய் விளங்கியவரும் இவரே. பேசிக்கொண்டிருப்பதில் அவருக்கு நம்பிக்கை குறைவு. 1942 ஏப்பிரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. மக்கள் நகரை விட்டு ஓடினர். அதற்கு மூன்று மாதங்கள் நிரம்புமுன், அதே ஆண்டு யூலை 1ஆந் திகதி, இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டப்படி பிறந்தது. பல்கலைக்கழகக் கல்லூரியும், 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் அதனுள் ஒன்றாயின. ஜெனிங்ஸ் முதல் உபவேந்தரானார். அப்போது மாணாக்கர் ஏறத்தாழ 900 பேர்.

பேராதனையில் ஒதுக்கப்பட்ட நிலம் கண்டி நகருக்கு நாலு மைல் தொலைவில், தேயிலையும் இறப்பரும் வளர்ந்த தோட்ட நிலம். ஒருபுறம் ஹந்தானை மலைத்தொடர்; நடுவே மகாவலி கங்கை; அண்டையில் 1821இல் தொடங்கிய தாவரப் பூங்கா. விவசாயத் திணைக்களமும் அப்பகுதியிலேயே இருந்தமையால் விவசாயத்துறைக்கு ஆய்வுக்களமும் அயலவரின் உதவியும் ஒருங்கே வாய்த்தன. மனைத்திட்டத்தை வகுத்தவர்கள், இலண்டன் மாநகரின் மீளமைப்புத் திட்டத்தால் அறியப்பட்ட சேர் பற்றிக் அபர்குறொம்பியும் கிளிபோட் ஹொலிடேயும். அத்திட்டத்திற்குக் கல்லாலும் ஓட்டாலும் உருவம் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். சரிவான ஓட்டுக் கூரை, சந்திரவட்டக் கல், செதுக்கிய தூண் ஆகியவற்றைப் பழைய தலைநகரங்களிலிருந்து அவர் எடுத்துக்கொண்டார். மூதவைக் கட்டடத்தின் தூண் மண்டபத்திலே கண்டியரசரின் கொலுமண்டபத்தைக் காணலாம். மலைச்சரிவை வெட்டிச் சமமாக்காமல், சரிவின் போக்கிலேயே கட்டடங்களை நிறுத்தியது அவருடைய பெருந்திறன். பாதையோரங்களிற் பூமரங்கள் நாட்டப்பட்டன. இத்தனையும் அமைத்த அவர் 1954இன் திறப்புவிழாவைக் காண உயிரோடிருக்கவில்லை.

1952இல் இங்கு வந்த மாணாக்கருக்கு எல்லாம் புதுமை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை இரவு வண்டியிற் புறப்பட்டுப் பொல்காவலையில் இறங்கி, மலைநாட்டு வண்டிக்கு மாறி, கடுகண்ணாவைக் கணவாயேறிப் பேராதனை வந்து சேரவேண்டும். பனையும் கிணறும் பார்த்த கண்ணுக்கு மூடுபனி ஓர் அதிசயமாகவே இருந்திருக்கும். கொழும்பில் மாணாக்கர் பலர் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கி, விரிவுரை முடிந்ததும் கலைந்துவிடுவர். இங்கோ உண்பதும் உறங்குவதும் வாதிடுவதும் ஒரே வளவினுள். ஜெனிங்ஸ் விரும்பியதும் இதுவே. ஒக்ஸ்பேட், கேம்பிரிட்ஜ் முறையில், ஆசிரியரும் மாணாக்கரும் கூடி வாழ்ந்து கற்கும் உறைவிடப் பல்கலைக்கழகமே அவர் கண்ட கனவு. அருணாசலம், ஜயதிலக்கா, இராமநாதன், ஜேம்ஸ் பீரிஸ், மார்ஸ் என விடுதிகள் பெயர் பெற்றன. பல்கலைக்கழகம் கேட்டுப் போராடியவரின் பெயரும், அது வருமுன் கல்லூரியை நடத்தியவரின் பெயரும் அருகருகே நிற்பது பொருத்தமே.

இனி, இக்கதையின் மற்றப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபர் முதற்றிகதி தொடக்கம் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. அவர் கிராமங்களில் நிறுவிய மத்திய பாடசாலைகளிலிருந்து ஏழை வீட்டுப் பிள்ளைகள் மேலே ஏறத் தொடங்கினர். பேராதனைத் திட்டமோ ஓராயிரம் பேர் அளவான ஒரு சிறு சமூகத்தை மனத்திற்கொண்டு தீட்டப்பட்டது. ஒரு கையால் நாடு வாயிலை அகலத் திறந்தது; மற்றக் கையால் உள்ளே அளவான அறைகளைக் கட்டியது. இரண்டும் நல்ல நோக்கங்களே. இரண்டும் ஒரே வீட்டில் நெடுங்காலம் அடங்கா என்பதை 1952இற் கண்டவர் சிலரே.

பணத்தைப் பற்றிய முணுமுணுப்பும் எழுந்தது. கொரிய யுத்தத்தால் உயர்ந்த இறப்பர் விலை இறங்கிவிட்டது. 1953 ஆகஸ்ட் மாதத்தில் அரிசி விலையேற்றம் ஹர்த்தாலாய் வெடித்தது. ஒரு படி அரிசிக்கு மக்கள் தெருவிலிறங்கிய வேளையில், செதுக்கிய தூண்களுக்கு இத்தனை செலவா என்று கேட்டவரைக் குறைகூற முடியாது. கற்பித்தற் கட்டணம் நீங்கியதே தவிர, உண்டியும் உறையுளும் இலவசமாகவில்லை. போதனாமொழியும் ஆங்கிலமே. கிராமத்துப் பிள்ளை வாயிலைக் கடந்தாலும், உள்ளே முள்ளும் கரண்டியும் பிடிப்பதிலிருந்து விரிவுரையை விளங்கிக்கொள்வது வரை மற்றொரு பரீட்சை காத்திருந்தது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளோ அந்த வாயிலின் அருகேகூட வரவில்லை. இலவசக் கல்வியின் நன்மை தோட்டப் பாடசாலைகளை எட்டுவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. ஒரு காலத்தில் தேயிலை நின்ற நிலத்திலே எழுந்த கலாபீடத்துக்கு இது சிறு முரண் அன்று.

ஆயினும், அந்த வளவிலே நிகழ்ந்த வளர்ச்சியை மறுப்பது நியாயமாகாது. தமிழ்த்துறையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 1943இல் முதற் பேராசிரியராய் அமர்ந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல், யாழ்நூல் அரங்கேறிய சில வாரங்களுள் மறைந்தார். அவருக்குப்பின் அப்பீடத்தை அணிசெய்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. மொழியியல் வல்லுநராகிய அவர் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலே நாடகம் எழுதி, மாணாக்கரைக்கொண்டு மேடையேற்றினார். பண்டிதத் தமிழே தமிழ் என்றிருந்த நாளில் இது துணிவான செயல். வி. செல்வநாயகத்தின் தமிழ் இலக்கிய வரலாறு 1951இல் வெளிவந்தது. சு. வித்தியானந்தன் கிராமத்துக் கூத்துக் கலையைப் பல்கலைக்கழக அரங்குக்குக் கொணர்ந்தார். 1960களில் கர்ணன் போர், இராவணேசன் முதலியன அவ்வாறு புத்துயிர் பெற்றன. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் 1950களில் அங்கு மாணாக்கராயிருந்தவர்கள். அதே வளவிற் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திரர் நாட்டார் அரங்கை நாடி 1956இல் 'மனமே' நாடகத்தைப் படைத்தார். ஒரே விடுதியில் உண்டு, ஒரே நூலகத்தில் அமர்ந்த இரு மொழியாளரும் தத்தம் கிராமத்துக் கூத்தை ஒரே காலப்பகுதியில் தேடியது கவனிக்கத்தக்கது. சேர்ந்து வாழ்தல் என்னும் ஜெனிங்ஸின் கொள்கை அவர் எதிர்பாராத விளைவையும் தந்தது.

1954 ஏப்பிரில் 20ஆந் திகதி எலிசபெத் மகாராணியார் முன்னிலையில் எடின்பரோ கோமகன் பேராதனைப் பல்கலைக்கழகத்தை முறைப்படி திறந்துவைத்தார். அடுத்த ஆண்டு ஜெனிங்ஸ் நாடு திரும்பினார். சேர் நிக்கலஸ் ஆட்டிகல உபவேந்தராய் அமர்ந்திருந்தார். 1960இல் சிங்களத்திலும் தமிழிலும் கற்ற மாணாக்கர் கலைப் பீடத்துள் முதன்முதலாக நுழைந்தனர். கன்னங்கரா திறந்த வாயிலில் நின்றோர் இப்போது பெருந்திரளாய் உட்புகுந்தனர். அறைகள் போதவில்லை; ஒருவருக்கெனக் கட்டிய அறையில் இருவர் தங்கினர்; எல்லோரும் வளவினுள் உறைதல் என்ற விதி தளர்ந்தது. கொழும்பிலும் மீண்டும் கலை வகுப்புகள் தொடங்கின. 1960களின் நடுவில் நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்களின் மாணாக்கர் தொகை பதினாயிரத்தைத் தாண்டிற்று. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியபோது அதன் முதற் தலைவராய்ச் சென்றவர் பேராதனையிற் கற்ற கைலாசபதி. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானதும் வித்தியானந்தன் அதன் முதல் துணைவேந்தரானார். பொல்காவலையில் வண்டி மாறி மலையேறிச் சென்ற பிள்ளைகளுட் சிலர், இவ்வாறு அதே பாதையில் வடக்கே திரும்பினர்.