ஓரத்தில் நின்றவர் ஏன் நிறம் மாறினார்? அகலக்கோண வில்லையின் கதை

போன வாரம் எங்கள் வகுப்பில் வருட இறுதிக் குழுப்படம் எடுத்தோம். சிறிய அறை, பின்னால் போக இடமில்லை. போனில் 0.5 என்பதை அழுத்தினோம், எல்லோரும் படத்துக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் வலது ஓரத்தில் நின்ற பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டு, "சேர், என்ட தலை மட்டும் ஏன் பூசணிக்காய் மாதிரி இழுபட்டுக் கிடக்கு?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டப்போகும் படம் அல்லவா?

சுருக்கமான பதிலை அன்றே சொன்னோம். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் அகலக்கோண வில்லையில் ஓரத்துக் கதிர்கள் மிகவும் சாய்ந்து போய்த் தட்டையான தளத்தில் விழும். அதனால் ஓரத்தில் வைத்த பந்து முட்டையாகிவிடும். இது வில்லையின் பழுது அல்ல, கேத்திரகணிதம். ஆனால் அதே சாய்ந்த கதிர் டிஜிட்டல் கமராவுக்குள் இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்கியது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ரேஞ்ச்பைண்டர் என்று ஒரு கமரா வகை உண்டு. ஜேர்மனியின் லைக்கா இதில் பெயர் போனது. படம் எடுப்பவர் வில்லை வழியாகப் பார்ப்பதில்லை, பக்கத்திலுள்ள சிறு கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்ப்பார். அங்கே தெரியும் இரண்டு உருவங்களை ஒன்றாகச் சேர்த்தால் தூரம் சரி. உள்ளே எழுந்து விழும் ஆடி கிடையாது. ஆகவே வில்லையின் பின்பக்கத்தைப் பிலிமுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்கலாம். லைக்கா எம் கமராவில் வில்லை பொருந்தும் முகத்திலிருந்து பிலிம் வரை 27.8 மில்லிமீற்றர். ஆடி உள்ள நிக்கோன் கமராவில் அதே தூரம் 46.5.

இந்த நெருக்கம்தான் அகலக்கோணத்துக்கு வாய்த்த வரம். 1954இல் லுட்விக் பெர்டெலே வடிவமைத்த 21 மில்லிமீற்றர் பயோகொன், கொன்டாக்ஸ் கமராவுக்கு 90 பாகைக் கோணத்தைக் கொடுத்தது. ஆடி உள்ள கமராக்காரர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. பிரான்ஸின் ஆன்ஜெனியூ 1950இல் கொண்டுவந்த பின்தள்ளிய அமைப்பில், குவியத்தூரம் குறைவாக இருந்தாலும் வில்லை பிலிமிலிருந்து எட்டவே நிற்கும். அது பருமனான வில்லை, உள்ளே கண்ணாடிகளும் அதிகம். ரேஞ்ச்பைண்டர்காரர்களுக்கு அதைப் பார்த்துக் கொஞ்சம் இளக்காரம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறோம்.

அந்த வரத்தின் உச்சம் ஹொலோகொன். 1969இல் ஸைஸ் நிறுவனத்தின் எர்ஹார்ட் கிளாட்ஸல் தந்த 15 மில்லிமீற்றர் வில்லை அது. உள்ளே மூன்றே கண்ணாடித் துண்டுகள், கோணம் 110 பாகை, துவாரம் எப்போதும் f/8. கட்டடங்களின் கோடுகள் அப்படியே நேராக நிற்கும். 1972இல் அது லைக்காவுக்கும் வந்தது. ஒரு குறை மட்டும் உண்டு. மையத்தில் விழும் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் மூலைக்குக் கணக்குப்படி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். அதைச் சமன்செய்ய, நடுவில் கறுத்து ஓரத்தில் தெளிந்த ஒரு பில்டரை முன்னால் போடுவார்கள். இருட்டைப் போக்க இருட்டையே பூசிய வேலை! பிலிம் அதை ஏற்றுக்கொண்டது. பிலிமுக்குக் கதிர் நேராக வந்தாலும் சாய்ந்து வந்தாலும் பெரிய வித்தியாசமில்லை.

1999இல் ஜப்பானின் கொசினா கம்பனி, வொய்க்ட்லெண்டர் என்ற பழைய பெயரில் 15 மில்லிமீற்றர் வில்லை ஒன்றைச் சிறிதாகவும் மலிவாகவும் விற்கத் தொடங்கியது. அடுத்த வருடம் 12 மில்லிமீற்றரும் வந்தது. பலருக்கு முதன்முதலாக இவ்வளவு அகலம் கைக்கு எட்டியது. f/8இல் வைத்தால் ஏறத்தாழ அரை மீற்றரிலிருந்து முடிவிலி வரை எல்லாமே தெளிவு, தூரம் பார்க்கவே தேவையில்லை.

பிறகு டிஜிட்டல் வந்தது. 2004இல் எப்சன் ஆர்-டி1, 2006இல் லைக்கா எம்8. இரண்டிலும் சென்சர் பிலிமை விடச் சிறியது. ஆகவே 15 மில்லிமீற்றர் வில்லை எம்8இல் 20 போலத்தான் பார்த்தது. காசு கொடுத்து வாங்கிய அகலம் பாதி வழியிலேயே வெட்டுப்பட்டது.

2009இல் எம்9 பிலிம் அளவு சென்சரோடு வந்தபோது அகலம் திரும்பக் கிடைத்தது, குழப்பமும் முழுதாக வெளிவந்தது. எங்கள் வீட்டுக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். உச்சி வெயில் அடித்தண்ணீர் வரை இறங்கும். மாலை வெயில் சுவரில் பட்டே நின்றுவிடும். சென்சரின் ஒவ்வொரு புள்ளியும் அப்படியொரு கிணறு. ஹொலோகொன் வழிவந்த வில்லைகளின் ஓரக்கதிர் மாலை வெயில் மாதிரி. அது அடிக்குப் போகாது, சில வேளை பக்கத்துக் கிணற்றில் விழுந்து நிறத்தையும் மாற்றிவிடும். மேலே மூடியுள்ள பில்டர் கண்ணாடியிலும் சாய்ந்த கதிர் நீண்ட தூரம் போகவேண்டும். விளைவு, படத்தின் ஒரு ஓரம் சிவந்தது, மறு ஓரம் பச்சை கலந்த நீலமானது. "இத்தாலியக் கொடி" என்று பட்டப்பெயரே வைத்தார்கள். ஓரத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டை என்ன பாடுபட்டிருக்கும்!

லைக்கா சும்மா இருக்கவில்லை. சென்சரின் மேலுள்ள நுண்வில்லைகளை ஓரத்தில் மையம் நோக்கி நகர்த்தி, கிணற்றின் வாயை வெயிலின் பக்கம் திருப்புவதுபோல ஒரு வேலை செய்தது. வில்லையின் அடியில் கறுப்பு வெள்ளையில் ஆறு அடையாளப் புள்ளிகளை இட்டு, கமரா வில்லையை இனங்கண்டு நிறத்தைத் திருத்தவும் வைத்தது. பழைய வில்லை வைத்திருந்தவர்களில் சிலர் வெள்ளைப் பரப்பொன்றைப் படமெடுத்து, அதைக் கொண்டு கணினியில் நிறம் கழித்தார்கள். இன்னும் சிலர் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். எங்களுக்கு அவர்களைத்தான் பிடித்திருக்கிறது.

2015இல் கொசினா தன் 15 மில்லிமீற்றரை மூன்றாவது தடவையாக வடிவமைத்தது. சென்சரில் கதிர் அவ்வளவு சாயாமல் விழும்படி மாற்றியதால் நிறக்குழப்பம் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் முன்னையதை விட நீளமும் கூட, எடையும் கூட. ஒரு காலத்தில் ஆடிக் கமராக்காரர்கள் வேறு வழியின்றிச் சுமந்த பருமனை, ஆடியே இல்லாத கமராவும் கடைசியில் சுமந்தது. 2022இல் வந்த எம்11இன் சென்சரில் ஒளி உணரும் பகுதி மேற்பரப்புக்கு அருகில் வந்துவிட்டது, அதாவது கிணறு ஆழம் குறைந்துவிட்டது.

எங்கள் போனுக்குள்ளும் இதே சிக்கல் உண்டு. வில்லை சென்சரோடு ஒட்டித்தான் இருக்கிறது. ஓர இருட்டையும் நிறத்தையும் மென்பொருள் திருத்திவிட்டே படத்தைக் காட்டுகிறது. தலை இழுபடுவதை மட்டும் அது முழுதாகச் சரிசெய்வதில்லை. ஆகவே வருகிற புதன்கிழமை மைதானத்தில், நிறைய இடம் விட்டுத் தள்ளி நின்று, 0.5ஐத் தொடாமல் மறுபடி எடுக்கப்போகிறோம். அந்தப் பிள்ளையை நடுவில் நிறுத்துவோம்.